சிக்கிள் செல் அனீமியா: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: நானும் மனைவியும் கேரியர்கள். மூத்த குழந்தைக்கு நோய் இருக்கிறது. நாலில் ஒன்று என்றார்களே, அப்போ அடுத்த பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்தானே?

இந்தக் கணக்கைத்தான் நிறைய பேர் தப்பாகப் போடுகிறார்கள். கேரியர் என்றால் மாறிய ஜீன் ஒரு பிரதி மட்டும் இருப்பவர், நோய் இருக்காது; அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் குழந்தைக்கு நோய். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நோய் வரும் வாய்ப்பு தனித்தனியாக 25 சதவீதம், மூத்தவனுக்கு வந்துவிட்டது என்பதால் அடுத்ததற்குச் சலுகை எதுவும் கிடையாது. 50 சதவீதம் உங்களைப் போலவே கேரியராகப் பிறக்கலாம், மீதி 25தான் இரண்டும் இல்லாமல். கர்ப்பம் உறுதியானதுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், 11 வாரம் தாண்டியதும் நஞ்சுக்கொடியில் துளி எடுத்து ஜீனைப் பார்க்க முடியும். ஐந்தாம் மாதம் வந்து கேட்பவர்கள்தான் அதிகம், அப்போது யோசிக்க நேரமே இருக்காது.

கேள்வி: நான் கேரியர். அடிக்கடி முட்டி வலிக்கிறது, இதனாலா?

அநேகமாக இல்லை. வேறு காரணம் தேடுங்கள்.

கேள்வி: பையன் ஐந்து மாதம் வரை நன்றாக இருந்தான், அப்புறம்தான் கை கால் விரல்கள் வீங்கின. எதையாவது தப்பாகக் கொடுத்துவிட்டோமா மேடம்?

இல்லவே இல்லை, அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் விடுங்கள். கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின் வேறு, அதில் இந்தக் கோளாறு கிடையாது. பிறந்த பிறகு அது குறையக் குறைய, பெரியவர்களுக்கான ஹீமோகுளோபின் அந்த இடத்துக்கு வருகிறது, அதை உண்டாக்கும் பீட்டா குளோபின் ஜீனில்தான் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. ஆக்சிஜனை இறக்கியதும் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி, கம்பி மாதிரி நீண்டு, ரத்த அணுவை அரிவாள் போல வளைத்துவிடும். வளைந்தது சின்னக் குழாய்களை அடைத்தால் வலியும் வீக்கமும். 120 நாள் இருக்க வேண்டிய அணு 10, 20 நாளில் உடைந்துபோவதால் சோகை. ஹைட்ராக்சியூரியா மாத்திரை அந்தப் பழைய ஹீமோகுளோபினைத்தான் கூட்டுகிறது, டாக்டர் எழுதினால் பயப்படாமல் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

கேள்வி: இது ஏன் ஆதிவாசிகளுக்கு மட்டும் வருகிறது?

மட்டும் என்பது சரியில்லை. இந்தியாவில் 1952இல் முதலில் கண்டுபிடித்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், அதனால் அப்படிப் பேச்சு. ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் ஏராளம். கேரியர்களைப் போல மாறிய ஜீன் ஒரு பிரதி மட்டும் இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும், அதனால் மலேரியா ஆண்ட ஊர்களில் இந்த ஜீன் தங்கிவிட்டது, சாதியோ உணவோ காரணமில்லை.

கேள்வி: ஜீன் எடிட்டிங் வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது. 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் காஸ்கெவி சிகிச்சைக்கு அனுமதி தந்தன. அதுவும் மாறிய எழுத்தைத் திருத்துவதில்லை, கருக்கால ஹீமோகுளோபினை அடைத்து வைத்திருக்கும் பூட்டைத் திறக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க விலை 22 லட்சம் டாலர், அதற்கு முன் கடுமையான கீமோ வேறு. இப்போதைக்கு மாத்திரையை விடாமல் கொடுங்கள்.