டச்சு கற்கப் பணம் கட்டும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவர் ஐந்தோவனில் உயர்திறன் பணியாளருக்கான அனுமதியில் மென்பொருள் பணியில் இருக்கிறார். நான் அவருடன் சேர வேண்டுமானால் டச்சு மொழித் தேர்வில் தேறுவது கட்டாயம் என்று ஒரு முகவர் கூறி, பயிற்சிக்கு 35,000 ரூபாய் கேட்கிறார். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? – திருச்சி வாசகி

பதில்: ஒரு ரூபாய்கூட இனிக் கட்டாதீர்கள். 'கெனிஸ்மிக்ரான்ட்' எனப்படும் உயர்திறன் பணியாளரின் மனைவிக்கோ கணவருக்கோ, நெதர்லாந்துக்குச் செல்லும் முன் எழுத வேண்டிய அந்தத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. நெதர்லாந்துக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றவரைத் திருமணம் செய்துகொண்டு இந்தியாவிலிருந்து செல்பவர்களுக்கே பொதுவாக அத்தேர்வு பொருந்தும். அவர்களும்கூட முகவரிடம் போக வேண்டியதில்லை. வாசித்தல், பேசுதல், டச்சுச் சமூக அறிவு என்ற மூன்று பகுதிகளுக்கும் சேர்த்துக் கட்டணம் 150 யூரோ. தேர்வு நெதர்லாந்துத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ நடைபெறும். நிலை ஏ1, அதாவது தொடக்க நிலை. 'நார் நேடர்லாண்ட்' என்ற அதிகாரபூர்வப் பாடத்தொகுப்பை நெதர்லாந்து அரசு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. உங்கள் முன்பணம் உண்மைக்கு மாறான தகவலைச் சொல்லிப் பெறப்பட்டது என்பதால், அதைத் திருப்பித் தரக் கோரி எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். அங்கே போன பிறகு டச்சு கற்க விரும்பினால் மிகவும் நல்லது. ஆனால் அது உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும்; எவரும் மிரட்டி விற்ற பொருளாக இருக்கக் கூடாது.

கேள்வி: 'டொய்ச் ஏ1' என்ற இரண்டு பாகப் பாடநூலை இணையத்தில் 48 யூரோ கொடுத்து வாங்கினேன். அலுவலக நண்பர் அது டச்சு அல்ல என்கிறார். – அம்ஸ்தெல்வேன் வாசகர்

பதில்: அவர் சொல்வது சரி; அது ஜெர்மன் மொழி, டச்சு மொழியின் பெயர் 'நேடர்லாண்ட்ஸ்'. புத்தகங்கள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் விற்பனையாளருக்கு எழுதித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: '30 நாளில் சரளமான டச்சு' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். இரண்டு வாரம்தான் பயன்படுத்தினேன். இப்போது என்னைக் கேட்காமலேயே அடுத்த ஆண்டுக்கும் 119 யூரோ எடுத்துவிட்டார்கள். – ஊத்ரெக்ட் வாசகர்

பதில்: உங்களுக்குச் சட்டம் துணையாக இருக்கிறது; முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 2011 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, முதல் ஒப்பந்தக் காலம் முடிந்து தானாகத் தொடரும் சந்தாவை அதிகபட்சம் ஒரு மாத முன்னறிவிப்புடன் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். இன்றே ரத்துக் கடிதம் அனுப்பி, எஞ்சிய மாதங்களுக்கான தொகையைத் திருப்பிக் கேளுங்கள். நிறுவனம் அசையாவிட்டால் 'கொன்சுவைசர்' என்ற அரசு நுகர்வோர் ஆலோசனைத் தளத்தில் இதற்கான வழிகாட்டுதல் உண்டு.

ஆனால் விளம்பரத்தை நம்பியது உங்கள் தவறு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு டச்சு கற்பிக்க ஒதுக்கும் காலம் 24 வாரங்கள். டச்சுக்கு நெருங்கிய உறவுடைய ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், வேறு வேலை இல்லாமல், முழுநேரமும் படிப்பதற்கான கணக்கு அது. அலுவலகம் முடிந்து இரவில் 20 நிமிடம் கைப்பேசியைத் திறக்கும் ஒருவருக்கு 30 நாளில் சரளம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன்பே உங்களிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: இலங்கையில் இருந்து கணவரிடம் வந்து, நெதர்லாந்து அரசின் கல்விக் கடன் அமைப்பான டியுஓவின் கடனில் மொழிப் பாடசாலையில் படிக்கிறேன். வகுப்புகள் அடிக்கடி நிறுத்தப்படுகின்றன. ஆனாலும் மாதம் முழுவதற்கும் வரவுப் பதிவில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கடன் கரைந்து கொண்டு போகிறது, எனக்கு ஒரு வசனம்கூட ஒழுங்காகப் பேச வரவில்லை. – ரோட்டர்டாம் வாசகி

பதில்: சகோதரி, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. மொழி தெரியாதவரிடம் அவருக்குப் புரியாத தாளில் கையெழுத்து வாங்குவது, நான் அறிந்த நுகர்வோர் மோசடிகளிலேயே மிகக் கொடியது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், குடியேறியவர்களே பாடசாலையைத் தேடி, 10,000 யூரோ வரை கடன் வாங்கிப் படிக்கட்டும் என்று விட்டபோது, நடக்காத வகுப்புகளுக்குக் கட்டணம் எழுதிய பாடசாலைகள் பல வெளிச்சத்துக்கு வந்தன. 2022 ஜனவரி 1-இல் வந்த புதிய சட்டம் அகதிகளுக்கான வகுப்புகளை நகராட்சிகளின் பொறுப்பில் வைத்தது. உங்களைப் போலக் குடும்பத்துடன் இணைய வருபவர்கள் இன்றும் தாங்களே பாடசாலையைத் தேர்ந்து, தாங்களே கட்டணம் செலுத்தும் நிலையில்தான் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இனி நடந்து முடிந்த வகுப்புகளுக்கு மட்டுமே கையெழுத்திடுங்கள். எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது, எந்தத் தேதியில் நடக்கவில்லை என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். உடன் படிப்பவர்களும் எழுதினால் இன்னும் வலுவாகும். கட்டண ரசீதை டியுஓவுக்கு அனுப்புவதற்கு முன் அந்தக் குறிப்பேட்டுடன் ஒப்பிடுங்கள். பொருந்தாத ரசீதை ஏற்காதீர்கள், ஏனெனில் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தப் போவது நீங்கள். பாடசாலைக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் இல்லையென்றால், பாடசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் 'பிலிக் ஓப் வெர்க்' அமைப்புக்கு எழுதுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் 'யூரிடிஸ் லொக்கெட்' என்ற சட்ட உதவி நிலையத்தில் ஆலோசனை இலவசம். பாடசாலையை மாற்றும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

கேள்வி: தமிழ் எழுத்தில் உச்சரிப்புத் தரும் சொற்புத்தகம் வாங்குவதா, 1,000 சொல் அட்டைகள் கொண்ட பெட்டி வாங்குவதா? – டென் ஹாக் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் ஒலிப்பதிவு இல்லாமல் மொழிப் புத்தகம் விற்பவர்கள் மீது எனக்கு நெடுநாளைய கோபம் உண்டு. வீட்டைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் நடுவில் வரும் உயிரொலி நம் 'ஔ'வும் அல்ல, 'ஆய்' என்பதும் அல்ல. எந்தத் தமிழ் எழுத்தாலும் அதை எழுத முடியாது. தொண்டையை உரசிக்கொண்டு வரும் அவர்களின் 'க'கரமும் அப்படித்தான். புத்தகத்தில் அச்சிட்ட தமிழ் எழுத்தை நம்பி ஆறு மாதம் மனப்பாடம் செய்தவர், கடையில் வாயைத் திறந்ததும் எதிரில் இருப்பவர் புரியாமல் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். அத்துடன் பழகும் வாய்ப்பே போய்விடுகிறது. நமக்கு எளிதாக வரும் ஒலிகளும் உண்டு. மரத்துக்கு நெடிலாக 'போம்', வெடிகுண்டுக்குக் குறிலாக 'பொம்' என்பது குறில் நெடில் பழகிய நம் காதுக்குத் தடுமாற்றமே தராது. அதையும் கேட்டால்தான் தெரியும்.

சொல் அட்டைகளில் வேறொரு குறை. டச்சுப் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் 'டெ' அல்லது 'ஹெட்' என்ற முன்சொல்லுடன் வரும். பெரும்பாலானவை 'டெ', பன்மை எல்லாம் 'டெ', சிறுமைப் பொருள் தரும் வடிவங்கள் எல்லாம் 'ஹெட்'. இவற்றைத் தவிர மற்றவற்றுக்கு நம்பத்தக்க விதி அரிது, சொல்லோடு சேர்த்தே மனத்தில் ஏற்ற வேண்டும். 'இந்த', 'அந்த', 'எங்கள்' ஆகிய சொற்களின் வடிவமும், பெயரடையின் ஈறும் இதைப் பொறுத்தே மாறும். முன்சொல் இல்லாமல் 1,000 சொற்களை அச்சிட்டு விற்பவர், அந்த ஆயிரத்தையும் நீங்கள் இரண்டாம் முறை படிக்கும்படி செய்கிறார். ஆகவே கடையில் பெட்டியைத் திறந்து ஓர் அட்டையைப் பாருங்கள். முன்சொல் அச்சிடப்படவில்லை என்றால் திரும்ப வைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதியான ஆண்ட்வெர்ப்பில் வசிக்கிறேன். நெதர்லாந்தில் அச்சான பாடநூல் பயன்படுமா? – ஒரு வாசகர்

பதில்: பயன்படும், எழுத்துமுறை ஒன்றுதான், பேச்சில்தான் வேறுபாடு. ஆனால் எதையும் வாங்கும் முன் குடியேறியவர்களுக்கு உதவும் உங்கள் நகரின் 'அட்லஸ்' அலுவலகத்துக்குச் செல்லுங்கள், அரசு மானியம் பெறும் வகுப்புகளை அங்கே சொல்வார்கள்.

கேள்வி: இப்போதுதான் தொடங்குகிறேன். முதல் மூன்று மாதங்களில் எவ்வளவு செலவிடலாம்? – அல்மேரே வாசகி

பதில்: முதல் மாதம் எதுவும் வேண்டாம். 'ஊஃபனன்' என்ற இலவசப் பயிற்சித் தளத்திலும் டுவோலிங்கோ செயலியின் கட்டணமில்லாப் பகுதியிலும் தினமும் அரை மணி நேரம் அமர்ந்து பாருங்கள். நான்கு வாரம் தாங்கினால் மேலே போகலாம். இரண்டாம் மாதம் ஒலிப்பதிவுடன் கூடிய ஒரே ஒரு பாடநூலைப் புதிதாக வாங்குங்கள். 'புதிதாக' என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் தொடங்கிய காலத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய பிரதி ஒன்றை வாங்கினேன். பயிற்சிகள் முழுவதும் பேனாவால் நிரப்பப்பட்டிருந்தன, இணைய ஒலிப்பதிவுக்கான குறியீட்டை முந்தைய உரிமையாளரே பயன்படுத்தி முடித்திருந்தார். மறுபடியும் முழு விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. அதைவிட வலித்தது வேறு. மூன்று நிலைகளுக்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்ற ஒரு பள்ளியில் 780 யூரோ கட்டினேன். முதல் நிலை முடியும் முன்பே போதிய மாணவர்கள் இல்லை என்று வகுப்பை மூடினார்கள். அந்தப் பணத்தில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. எனவே மூன்றாம் மாதம் வகுப்பில் சேரும்போது ஒரு நிலைக்கு மட்டும் கட்டுங்கள். கட்டும் முன் மொத்தம் எத்தனை மணி நேரம், ஒரு வகுப்பில் எத்தனை பேர், மாணவர் குறைந்தால் பணத்துக்கு என்ன வழி என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பேசிப் பழகுவதற்குப் பணம் தேவையில்லை. உங்கள் ஊர் நூலகத்தில் 'தால்ஹவுஸ்' அல்லது 'தால்கஃபே' எந்த நாளில் நடக்கிறது என்று கேளுங்கள். தன்னார்வலர்கள் உங்களுடன் அமர்ந்து மெதுவாகப் பேசுவார்கள்.