பஞ்சாக இறங்கும் பிரேக்

பட்டறைப் பக்கம் – உங்கள் வண்டிக் கேள்விகளுக்கு மன்னார்குடியிலிருந்து பதில்

கேள்வி: அண்ணே, எங்கள் தாத்தா நெல் ஏற்றிய பெட்போர்டு லாரி பத்து வருஷமாகக் கொட்டகையில் நின்றது. இன்ஜினை ஓட வைத்துவிட்டேன். பிரேக் மட்டும் மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, நாலு தடவை பம்பிங் கொடுத்தால்தான் பிடிக்கிறது. வீட்டிலேயே ஏர் எடுக்கலாமா, அதாவது பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியே விடலாமா? எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது?
– ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: எடுக்கலாம் தம்பி. ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலை மட்டும் மிதித்துப் பாருங்கள். பாதி வியாதியை அதுவே சொல்லிவிடும். மிதித்தால் ரப்பர் பந்தை அமுக்குவது போல இருக்கிறதா, லைனில் காற்று இருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மூன்றாவது மிதியில் கல் மாதிரி மேலேயே நிற்கிறதா, அது பெரும்பாலும் பிரேக் ஷூ, தான் உரசிப் பிடிக்க வேண்டிய டிரம்மை விட்டு விலகி நிற்பது. அப்போது ஏர் எடுத்துப் பயனில்லை, நாலு சக்கரத்திலும் பிரேக் டைட் வைக்க வேண்டும், அதாவது ஷூவை டிரம்முக்கு நெருக்கி வைக்க வேண்டும். மூன்றாவது ஒன்று உண்டு. காலை அழுத்தி அப்படியே வைத்திருங்கள். பெடல் கால் கீழேயே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் போய்விட்டது. அதற்கு ஏர் எடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான்.

உங்கள் வண்டியில் முதல் இரண்டும் சேர்ந்திருக்கும் என்று தோன்றுகிறது. அதனால் முதலில் டைட் வையுங்கள், ஏர் அப்புறம்.

காற்று எப்படிப் போயிருக்கும் என்றும் பார்க்க வேண்டும். மூடிய லைனில் காற்று தானாக முளைக்காது. சக்கரத்தின் உள்பக்கம் டயரில் ஈரக் கறை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் அந்தச் சக்கரத்தில் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஒழுகுகிறது, அதன் ரப்பர் கிட்டை மாற்ற வேண்டும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் பைப்பும் பிடிக்காதீர்கள். அந்தக் காலத்து ஷூ லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

இனி ஏர் எடுக்கிற வேலை. முதல் நாள் ராத்திரியே நாலு சக்கரத்திலும் காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகான நிப்பிளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயை அடித்து வைத்துவிடுங்கள். இது இங்கிலாந்துக்காரன் டிசைன் செய்த வண்டி. மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறுகிற மாதிரி ஏறும், திருகும்போது வழுக்கி முனையை உருட்டிவிடும். அங்குல அளவில் சரியாக உட்காரும் ரிங் ஸ்பேனரைத் தேடிப் பிடியுங்கள். நிப்பிள் உள்ளே முறிந்தால் அந்த வேலை வீட்டு வேலை இல்லை.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். இதைப் பலபேர் செய்வதில்லை. பத்து வருஷம் நின்ற மாஸ்டர் சிலிண்டரில், வாஷர் வழக்கமாகப் போய்வருகிற இடம் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் துரு உட்கார்ந்திருக்கும். பெடலைத் தரை வரைக்கும் மிதித்தால் வாஷர் அந்தத் துருவில் உரசிக் கிழியும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரைக் கெடுத்துக்கொண்டவர்கள் என் பட்டறைக்கே வந்திருக்கிறார்கள்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, இன்ஜினை அணைத்து, நாலைந்து முறை மிதித்து, மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டரில் நிற்கிற வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பூஸ்டரிலேயே நிப்பிள் இருந்தால் முதல் காற்று அங்கே. அப்புறம் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து கிட்டத்துக்கு வர வேண்டும்: பின்னால் இடது, பின்னால் வலது, முன்னால் இடது, கடைசியில் டிரைவர் பக்கம்.

நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை மாட்டி, மறுமுனையைப் புது பிரேக் ஆயில் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலில் முக்கி வையுங்கள். மேலே ஒருவர், கீழே நீங்கள். 'மிதி' என்றால் மிதிக்க வேண்டும், 'பிடி' என்றால் அப்படியே அழுத்தி நிற்க வேண்டும். நீங்கள் நிப்பிளை அரைத் திருகு திறப்பீர்கள், ஆயில் குபுக்கென்று வரும், நிப்பிளை மூடுவீர்கள். மூடிய பிறகுதான் 'விடு'. மேலே இருப்பவர் அவசரப்பட்டு முன்னாலேயே காலை எடுத்தால் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளாகப் பார்த்து உட்கார வையுங்கள். என் அனுபவத்தில் வீட்டுக்காரம்மா உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும், மச்சான் உட்கார்ந்தால் முடியாது.

முதலில் வருவது நம் கும்பகோணம் டிகாஷன் நிறத்தில் வரும். அது பழைய ஆயிலும் துருவும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் சாதி. ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கிற நம் ஊரில் பத்து வருஷம் நின்றிருக்கிறது, கேட்க வேண்டுமா! டாட் 3 என்ற தர பிரேக் ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் கணக்கு 140 டிகிரிக்கு வந்துவிடும். டிரம் சூடேறும்போது அது உள்ளேயே ஆவியாகி, மறுபடி பஞ்சு பெடல். எனவே குமிழி நின்றதும் நிறுத்தாமல், ஆயில் தெளிவாக வருகிற வரை விடுங்கள். பாட்டிலில் விழுந்ததைத் திரும்ப ஊற்ற வேண்டாம்.

நாலைந்து மிதிக்கு ஒருதரம் மேலே பிரேக் ஆயில் ஊற்றுகிற டப்பாவைப் பாருங்கள், குறைந்தால் ஊற்றுங்கள். பட்டறையில் நான் எடுபிடியாகச் சேர்ந்த வருஷம், மூன்று சக்கரம் முடித்துவிட்ட குஷியில் டப்பாவை வற்ற விட்டேன். மாஸ்டர் சிலிண்டரே காற்றைக் குடித்துவிட்டது. அரிக்கேன் வெளிச்சத்தில் மறுபடி நாலு சக்கரம். போதாததற்கு, அவசரத்தில் ஊற்றியது மட்கார்டில் சிந்தி, பெயின்டர் முந்தின நாள்தான் எழுதிய 'காவேரித்தாய் துணை'யில் 'தாய்' மட்டும் சுருக்கம் விழுந்து எழும்பி வந்தது. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எல்லாம் முடிந்தும் ஒரு சக்கரம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு சூடானால் அந்தப் பக்க ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதி அடைத்திருக்கும்.

முதல் ஓட்டம் களத்து மேட்டில், முதல் கியரில், காலி வண்டியாக. ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு. வெட்டாற்றங்கரை ரோட்டுக்கு ஒரு வாரம் கழித்துப் போகலாம், ஆறு எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: பழைய லாரிகளில் பிரேக்குக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள் என்கிறார் என் அப்பா. உண்மையா? இப்போதும் ஊற்றலாமா?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அப்பா பொய் சொல்லவில்லை அம்மா. ஆரம்ப கால பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். ரப்பரை அது கெடுக்காது. ஆனால் ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும், மிஞ்சிய எண்ணெய் கெட்டியாகி லைனில் பிசின் கட்டும். இன்றைய ஆயிலோடு கலக்க வேண்டாம். இன்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டுகூட ஆகாது, வாஷரெல்லாம் ஊறி உப்பிவிடும்.

கேள்வி: டாட் 3 இருக்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாமா, டாட் 5?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: 4 ஊற்றலாம். 5 சிலிக்கான், கலக்காதீர்கள்.