நூறைத் தொட்டால் நடுங்கும் ஸ்போர்ட்ஸ் கார்: எதை முதலில் சந்தேகிப்பது?

கேள்வி: பத்து மாதங்களுக்கு முன் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். எஞ்சின் முன்னால் இருக்கிறது, இழுவை பின்சக்கரங்களுக்கு. பின் டயர்கள் முன் டயர்களைவிட அகலமானவை. மணிக்கு 95 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் இருக்கையிலும் தரையிலும் ஒரு நடுக்கம் தொடங்குகிறது. 115-ஐக் கடந்தால் ஓரளவு அடங்கிவிடுகிறது. இது போதாதென்று, 60 கி.மீ. முதலே ‘ஊம்’ என்றொரு இரைச்சல் எழுந்து வேகத்தோடு சேர்ந்து ஏறுகிறது. பணிமனையில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்தும் மாற்றமில்லை. இப்போது, எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். டிஃபரன்ஷியல் பழுதாகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் விவரித்திருப்பவற்றில் அதைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி ஒன்றுகூட இல்லை, சக்கரத்தையும் டயரையும் காட்டிக்கொடுப்பவையோ இரண்டு இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் தொடங்கி, உச்சத்துக்குப் போய், அதைக் கடந்ததும் தணிகிற நடுக்கம், பெரும்பாலும் சக்கரத்தின் எடைச் சமநிலை குலைந்ததால் வருவது. சக்கரம் சுழலும் தாளமும் சஸ்பென்ஷன் தன் இயல்பில் துள்ளும் தாளமும் ஒன்றோடொன்று பொருந்துகிற வேகத்தில் அதிர்வு பெருகும். அந்த வேகத்தைத் தாண்டியதும் இரண்டும் விலகிவிடுவதால், குறை அப்படியே இருந்தாலும் நமக்குத் தெரிவது குறைந்துவிடும்.

உங்கள் பணிமனை செய்த அலைன்மென்ட் சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலை; எடைச் சமநிலையைச் சரிசெய்வது பேலன்சிங். இரண்டையும் ஒரே இடத்தில் செய்வதாலும் பெயர்கள் சேர்ந்தே உச்சரிக்கப்படுவதாலும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைக்க எல்லாப் பணிமனைகளும் ஆர்வம் காட்டுவதில்லை. கோணம் தவறினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், நூறு கி.மீ. வேகத்தில் மட்டும் நடுங்கும் காருக்கு முதல் முறை அலைன்மென்ட் செய்ததே தேவையற்றது, இரண்டாவது முறைக்குக் காசு வாங்கியிருந்தால் காரணம் கேட்கலாம்.

சிறிய எடை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். உங்கள் காரில் இருக்கக்கூடிய 18 அங்குல ரிம்மும் தாழ்வான டயரும் சேர்ந்த சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். நூறு கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 14 முறை சுழல்கிறது. ரிம்மின் உட்புறத்தில் 30 கிராம் மட்டும் ஒரு பக்கம் மிகுந்திருந்தால், அந்த வேகத்தில் அது நாலரை கிலோ எடைக்கு நிகரான விசையோடு சக்கரத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மேலும் கீழும் இழுக்கும். ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய சேற்றுக் கட்டி ஒன்றே இதற்குப் போதும்.

பணிமனைக்குப் போகும் முன் நீங்களே செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால், இதைச் செய்யாமல் எந்த உதிரிப்பாகத்துக்கும் பணம் கொடுக்கக் கூடாது. வேக வரம்பு அனுமதிக்கிற, நேரான, போக்குவரத்து இல்லாத சாலையில், குறிப்பெடுக்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுக்கம் மிகுதியாகத் தெரியும் வேகத்தில் சீராக ஓட்டுங்கள். பிறகு அதே வேகத்தில் ஒரு கியர் குறையுங்கள். எஞ்சின் சுழற்சி கூடும், சக்கரச் சுழற்சி மாறாது. நடுக்கம் அப்படியே இருந்தால் எஞ்சினையும் கிளட்ச்சையும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். அடுத்ததாக, கிளட்ச்சை மிதித்தபடி காரைத் தானாக உருள விடுங்கள். எஞ்சினை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள், அணைத்தால் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். உருளும்போதும் நடுக்கம் மாறாமல் இருந்தால் அது சக்கரம், டயர், ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) ஆகியவற்றின் பக்கத்துக் குறை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து, விட்டதும் போனால், ஆக்சில் ஷாஃப்டின் உட்பக்க ஜாயின்ட்டையோ எஞ்சின், கியர்பாக்ஸ் தாங்கிகளையோ பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் அது வேறு கதை; டிஸ்க்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலே பெடல் துடிக்கும்.

உங்கள் காரில் எஞ்சினிலிருந்து பின்பக்கம் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருப்பதால் அதையும் ஒரு கணக்கால் பிரித்தறிய வேண்டும். டிஃபரன்ஷியலின் பல் விகிதம் 3.7 என்றால், சக்கரம் 14 முறை சுழலும் நேரத்தில் ஷாஃப்ட் ஏறக்குறைய 50 முறை சுழலும். ஆகவே சக்கரக் குறை உடலை உலுக்குவதாகத் தெரியும், எண்ணிவிடலாம் போலிருக்கும். ஷாஃப்டின் குறை அப்படி உலுக்காது, காலடியில் ஒரு ரீங்காரமாகக் கூசும், பின்கண்ணாடியில் தெரியும் உருவம் மங்கும். நேரடி கியரில் ஓடும்போது ஷாஃப்டும் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுழல்வதால் இவ்விரண்டையும் காதால் பிரிக்கவே முடியாது. கியர் மாற்றிப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரம் என்பது பழைய விதி. உங்கள் விவரிப்பின்படி பின்சக்கரங்களிலிருந்து தொடங்கலாம். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்களில் ரப்பர் புஷ்கள் (பாகங்களின் இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறைகள்) கடினமானவை, சஸ்பென்ஷன் இறுக்கமானது, அதிர்வு உடல் முழுவதும் பரவும். அதனால் இந்த விதியை நான் பாதிதான் நம்புவேன். சாதாரணக் காரில் முன்சக்கரங்களைப் பின்னால் போட்டு, நடுக்கம் இடம் மாறுகிறதா என்று பார்த்துவிடலாம். முன்னும் பின்னும் அளவு வேறுபட்ட உங்கள் காரில் அந்த வழி அடைபட்டுவிட்டது. டயரில் சுழல்திசையைக் காட்டும் அம்புக்குறி இல்லையென்றால் மட்டும் இடவலமாக மாற்றிப் பார்க்கலாம்.

சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரிம்மின் உட்புறத்தில் ஒட்டும் எடை இருந்து விழுந்த தடம், ஒரு சாம்பல் நிறச் செவ்வகமாகப் பசையோடு தெரிகிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் கொடுத்த ரிம் இல்லாமல் வெளியில் வாங்கிய அலாய் வீல் என்றால், அதன் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். அந்த இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லையென்றால், பேலன்சிங் எந்திரத்தில் பிழையே காட்டாத சக்கரம் காரில் மாட்டியதும் மையம் விலகி ஆடும். பழைய கார்களில் முந்தைய உரிமையாளர் ரிம்மை மாற்றி, வளையத்தைத் தொலைத்திருப்பது அரிதல்ல. ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தாலும் இதே விளைவுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால், சாதாரண பேலன்சிங் எந்திரம் போதாது. அது சக்கரத்தை அந்தரத்தில் சுற்றி எடையை மட்டும் பார்க்கும். டயர் வட்டமாக இருக்கிறதா, அதன் விறைப்பு சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்காது. உருளையொன்றை டயர் மேல் அழுத்தி, சாலையில் சுமை தாங்கும் நிலையைப் போல அளக்கும் எந்திரங்கள் உள்ளன. அத்தகைய எந்திரம் இருக்கும் கடையைத் தேடிப் போவது பயனுள்ள செலவு. தாழ்வான டயர் போட்ட ரிம்கள் ஒரே குழியில் வளைந்துவிடக்கூடியவை என்பதால், டயல் கேஜ் என்னும் நுண் அளவுமானியை வைத்து ரிம்மின் ஆட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

இனி இரைச்சலுக்கு வருவோம். நடுக்கத்துக்கும் இதற்கும் ஒரே காரணம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை, நான் இவற்றை இரண்டு குறைகளாகவே எடுத்துக்கொள்வேன். கார் நின்றிருக்கும்போது பின் டயரின் மேற்பரப்பில், உட்புற ஓரத்தில், உள்ளங்கையை ஒரு திசையில் தடவுங்கள். பிறகு எதிர்த் திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல்லைப் போலவும் கையில் தட்டினால், இரைச்சல் அந்தத் தேய்மானத்திலிருந்துதான் வருகிறது. வளைவுகளில் பிடிமானம் கிடைக்க ஸ்போர்ட்ஸ் கார்களின் சக்கரங்கள் மேற்புறம் உள்நோக்கிச் சாய்த்துப் பொருத்தப்படுகின்றன. அதனால் உள்ஓரம் விரைவில் தேயும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டயர் புதிதாகவே தோன்றும். இப்படிப்பட்ட டயரின் ஒலி சாலையின் பரப்பு மாறும்போது தானும் மாறும்.

சக்கரம் உராய்வு குறைந்து சுழல உதவும் பேரிங் பழுதானால், அதன் ஒலி சாலைக்கேற்ப அவ்வளவாக மாறாது, வளைவுக்கேற்ப மாறும். 70 கி.மீ. வேகத்தில் மெல்ல இடப்பக்கம் வளையுங்கள்; எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது ‘ஊம்’ ஓங்கினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங், அடங்கினால் இடப்பக்கம். உறுதிசெய்ய, காரை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்திய பின் (ஜாக்கியை மட்டும் நம்பி அல்ல) ஒரு கையைச் சுருள்வில்லின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றச் சொல்லுங்கள். பேரிங்கின் சொரசொரப்பு காதில் விழாவிட்டாலும் வில்லின் வழியாக விரலில் மணல் அரைபடுவதைப் போலத் தெரியும்.

டிஃபரன்ஷியலின் ஊளை ஆக்சிலரேட்டருக்குக் கட்டுப்பட்டது. அழுத்தும்போது ஒரு குரல், காலை எடுத்ததும் வேறொரு குரல் அல்லது மௌனம் என்று இருக்கும். உங்கள் இரைச்சல் அப்படி மாறினால்தான் பணிமனையின் பேச்சுக்கு இடமுண்டு. அப்போதும் முதலில் எண்ணெயின் அளவையும், அதில் உலோகத் துகள் இருக்கிறதா என்பதையும் காட்டச் சொல்லுங்கள். ‘எந்தச் சோதனையின் அடிப்படையில் மாற்றச் சொல்கிறீர்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள், மாற்றிய பிறகும் ஒலி போகாவிட்டால் தொகை என்னவாகும் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: வாங்க நினைக்கும் பழைய காரை ஓட்டிப் பார்த்தபோது ஒலியும் அதிர்வும் இருந்தன. ‘ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான்’ என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: பாதி உண்மை. அகலமான டயர், குறைந்த ஒலித்தடுப்பு, இறுக்கமான சஸ்பென்ஷன் ஆகியவற்றால் இரைச்சல் கூடுதலாகவே இருக்கும். இறுக்கமான திருப்பத்தில் மெதுவாகத் திரும்பும்போது சில வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்கள் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துபவை) முணுமுணுப்பதும் குறையல்ல. ஆனால் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்தை எந்தத் தயாரிப்பாளரும் திட்டமிட்டு வைப்பதில்லை. அதே மாடலின் இன்னொரு காரை அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பதே நல்ல விடை.

அமைப்பைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். பின்னால் எஞ்சின் கொண்ட போர்ஷே 911-இன் இருசக்கர இழுவை மாடல்களில் புரொப்பெல்லர் ஷாஃப்டே கிடையாது. அதைக் காரணம் காட்டுபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. மாறாக, போர்ஷே 944-இலும் 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்டிலும் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். இடையில் ஒரு குழாய்க்குள் ஓடும் ஷாஃப்ட் எஞ்சினின் வேகத்திலேயே சுழல்கிறது. அதன் பேரிங் தேய்ந்தால், கார் நின்றிருக்கும்போதே, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கேட்டுவிடும்.

நெடுநாள் ஓடாமல் நின்ற கார் என்றால், தரையைத் தொட்டிருந்த இடத்தில் டயர் தட்டையாகியிருக்கலாம். இருபது நிமிட ஓட்டத்தில் டயர் சூடாகி நடுக்கம் போய்விட்டால் கவலையில்லை. போகவில்லையென்றால் டயர்களின் விலையைக் கழித்துப் பேசுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

கேள்வி: புது டயர் மாட்டிய அன்றே நடுக்கம் தொடங்கியது. டயர் கடைக்காரர் சஸ்பென்ஷன் பழுது என்கிறார்.

பதில்: முந்தைய நாள் வரை இல்லாத நடுக்கம் டயர் மாற்றிய அன்று வந்தால், சஸ்பென்ஷன் மீது பழி போடுவதை ஏற்க வேண்டாம். ரிம்மை ஒட்டி டயரின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு சுற்றிவரும். ரிம் விளிம்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் சமமாக இல்லையென்றால் டயர் சரியாக அமரவில்லை. அது சரியாக இருந்தால், உங்கள் கண்முன் மீண்டும் பேலன்ஸ் செய்யச் சொல்லி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் எத்தனை கிராம் ஒட்டினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாக, நூறு கிராமுக்கு மேல், கேட்டால் டயரை ரிம்மின் மேல் அரைச்சுற்று திருப்பி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் குறையவில்லையென்றால் அந்த டயரை மாற்றித் தரக் கேட்பது உங்கள் உரிமை. சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடிக்க விடாமல், எதிரெதிராக, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள், 100 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை அதே ரெஞ்சால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.