ஆறு சீசனாகத் தோற்கும் அணி: மகனை வேறு கிளப்புக்கு மாற்றிவிடலாமா?

கேள்வி: நாங்கள் மெல்பர்னுக்கு வந்தது 2019-ல். முதலில் குடியிருந்த ஃபிளாட் ஆர்டன் ஸ்ட்ரீட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்ததால், ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து லீகான ஏஎஃப்எல்-ல் நார்த் மெல்பர்ன் எங்கள் அணியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சீசனைக்கூட நிம்மதியாகப் பார்த்ததில்லை. கேட்டால் ‘இளம் அணி, பொறுமையாக இருங்கள்’ என்கிறார்கள். நான் டிவி முன்னால் உட்கார்ந்து கத்துகிறேன். பத்து வயது மகன் எழுந்து அறைக்குள் போய்விடுகிறான். பள்ளியில் காலிங்வுட் ரசிகர்களான பிள்ளைகள் அவனைக் கேலி செய்கிறார்களாம். அவனை வேறு அணிக்கு மாற்றிவிடலாமா? புது சீசனுக்கு மெம்பர்ஷிப்பைப் புதுப்பிக்கலாமா? இன்னும் எவ்வளவு காலம்தான் பொறுப்பது?
– பெயர் வெளியிட வேண்டாம், கிரேகிபர்ன்

பதில்:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. 2020-ல் கடைசிக்கு முந்தைய இடம். 2021, 2022 இரண்டிலும் கடைசி இடம். 2023, 2024-ல் மறுபடியும் கடைசிக்கு முந்தைய இடம். 2025-ல் பதினெட்டு அணிகளில் பதினாறாவது. 2021 முதல் 2024 வரை நான்கு சீசன்களையும் சேர்த்து மொத்தம் 12 வெற்றி. இதற்குள் ரைஸ் ஷா, டேவிட் நோபிள், அலஸ்டர் கிளார்க்சன் என்று பயிற்சியாளர்கள் மாறியாயிற்று. 2021 டிராஃப்டில் (கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுத்த ஜேசன் ஹார்ன்-பிரான்சிஸ் ஒரே சீசன் ஆடிவிட்டு போர்ட் அடிலெய்டுக்குக் கிளம்பிவிட்டார். இவ்வளவுக்குப் பிறகும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் கத்துவதென்றால் எதற்குக் கத்துவது, எதை விட்டுவிடுவது என்று ஒரு கணக்கு வேண்டும்.

2024 ஜூன் மாதம் மார்வெல் ஸ்டேடியத்தில் காலிங்வுட்டோடு நடந்த ஆட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முந்தைய ஆண்டின் சாம்பியனை எதிர்த்து ஒரு கட்டத்தில் நார்த் 54 புள்ளி முன்னால் இருந்தது. கோலுக்கு ஆறு புள்ளி, அப்படியென்றால் ஒன்பது கோல்! கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். (கடைசி நிமிட அம்பயர் முடிவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை, அதற்குள் நாம் போக வேண்டாம்.) இளம் அணி என்றால் என்ன என்பதை அந்த ஒரு ஆட்டம் முழுசாகக் காட்டிவிட்டது. டிராஃப்டில் எடுக்கப்படுகிறவர்களுக்குப் பதினெட்டு வயது. ஓடத் தெரியும், உதைக்கத் தெரியும். ஆனால் இருபத்தேழு வயது ஆள் தோளால் இடித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் கூட வரும்போது, கடைசி குவார்ட்டரில் காலில் வலு இருக்காது. வலு போனதும் பதற்றம் வரும். பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு ஹேண்ட்பால் (பந்தைக் கையால் குத்தி அனுப்புவது) கொடுக்க வேண்டிய நேரத்தில் பந்தைக் குருட்டாம்போக்கில் முன்னால் உதைப்பார்கள். எதிரணித் தடுப்பாட்டக்காரர் சாவகாசமாக மார்க் (உதைத்த பந்தைத் தரையில் படாமல் பிடிப்பது) பிடிப்பார். பந்து வந்த வழியே திரும்பிப் போகும். இதற்கெல்லாம் கத்திப் பிரயோசனம் இல்லை. இது அக்கறையின்மை கிடையாது, வயசு. நாற்பது, ஐம்பது ஆட்டம் ஆடினால் தன்னால் குறையும்.

அப்படியானால் முன்னேற்றம் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லேடரில் (புள்ளிப்பட்டியலில்) வெற்றிக் கணக்கை விட்டுவிட்டுச் சதவீதத்தைப் பாருங்கள். அடித்த புள்ளியை, விட்டுக்கொடுத்த புள்ளியால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது அது. எனக்குப் பிடித்த உதாரணம் பிரிஸ்பேன். கிறிஸ் ஃபேகன் பயிற்சியாளராக வந்த 2017-ல் ஐந்தே வெற்றி, கடைசி இடம். 2018-ல் முதல் எட்டு ஆட்டமும் தோல்வி. சீசன் முடிவில் அதே ஐந்து வெற்றிதான். வெற்றியை மட்டும் எண்ணியவர்கள் ஒரு வருஷம் வீண் என்றார்கள். ஆனால் சதவீதம் நன்றாக ஏறியிருந்தது, பல தோல்விகள் சின்ன வித்தியாசத்தில் வந்திருந்தன. 2019-ல் அதே அணி இரண்டாம் இடம் பிடித்தது. 2023-ல் கிராண்ட் ஃபைனலில் நான்கு புள்ளியில் தோற்றது, 2024-லும் 2025-லும் கோப்பையைத் தூக்கியது.

பிரிஸ்பேன் வெறும் பையன்களை வைத்து இதைச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018-ல் ஹாதர்ன் அணியின் ஜாம்பவான் லூக் ஹாட்ஜை 33 வயதில் கூட்டிவந்து தடுப்பு வரிசையில் நிறுத்தினார்கள். எங்கே நிற்க வேண்டும், எப்போது விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று ஆட்டத்துக்குள்ளேயே சொல்லித்தர ஒரு ஆள். அடுத்து அனுபவமுள்ள நடுக்கள ஆட்டக்காரர் லாக்கி நீல் வந்தார். நார்த்தும் 2024 முடிவில் இதைத்தான் செய்தது: லூக் பார்க்கர், ஜாக் டார்லிங், கேலப் டேனியல், மூன்று பேருமே வேறு அணிகளில் கோப்பை வென்றவர்கள். ‘வயசானவர்களை எதற்கு வாங்குகிறார்கள்’ என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகத்தான் பட்டது. தாமதமான முடிவு என்பதுதான் வருத்தம்.

சரி, காத்திருந்தால் எல்லோருக்கும் கிடைத்துவிடுமா? கிடைக்காது. கோல்ட் கோஸ்ட் 2011-ல் லீகுக்கு வந்தது. முதன்முதலாக ஃபைனல்ஸ் (முன்னணி அணிகள் மட்டும் ஆடும் இறுதிச் சுற்று) ஆடியது 2025-ல். அவர்களுக்கு நல்ல ஆட்டக்காரர்கள் இல்லாமல் போகவில்லை. டியான் பிரெஸ்டியாவும் டாம் லின்ச்சும் அங்கிருந்து ரிச்மண்டுக்குப் போய்க் கோப்பை வென்றார்கள், ஸ்டீவன் மே மெல்பர்ன் அணிக்குப் போய் வென்றார். வளர்த்துவிட்டு, கனியும் நேரத்தில் கைவிட்டுப் போகிற அணியில் ரசிகனின் பொறுமைக்கு அர்த்தம் இல்லை. அதனால் உங்கள் கோபத்தை இதற்குச் சேர்த்துவையுங்கள்: ஹாரி ஷீசல், ஜார்ஜ் வார்ட்லா, கோல்பி மெக்கர்ச்சர் போன்ற நார்த்தின் இளம் ஆட்டக்காரர்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் கிளம்பினால், அன்றைக்குக் கத்துங்கள், நானும் கூட வந்து கத்துகிறேன். முதல் ஆட்டத்திலேயே 34 முறை பந்தைக் கையாண்ட பையன் ஷீசல். அதே 2023-ல் லீகின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருதும், கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். அப்படிப்பட்ட ஆள் தங்குகிறாரா என்பது பதினாறாவது இடமா, பதினான்காவது இடமா என்பதைவிடப் பெரிய விஷயம்.

இன்னொன்றுக்கும் கோபப்படலாம்: பந்து எதிரணியிடம் போனதும் திரும்பி ஓடாமல் நிற்பது. இது வயசுப் பிரச்சினை இல்லை. நார்த்துக்குப் பந்தை எடுப்பதில் பெரிய குறை இல்லை, லூக் டேவிஸ்-யூனியாக் இருக்கும் நடுக்களத்துக்கு யாரும் பயப்படத்தான் வேண்டும். முன்கள வரிசையில் நிக் லார்க்கி 2023-ல் 71 கோல் அடித்தவர். ஓட்டை இருப்பது பந்தை இழந்த பிறகு. டிவியில் கேமரா பந்தோடு போய்விடுவதால் இது தெரியாது. மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால் யார் திரும்பி ஓடுகிறார், யார் இடுப்பில் கைவைத்து நிற்கிறார் என்று பளிச்சென்று தெரியும். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு குவார்ட்டர் முழுக்க ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கோர்போர்டு ஞாபகமே வராது.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் எழுந்து போவது தோல்வியைப் பார்த்து அல்ல, உங்களைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்குத் தோல்வி மறுநாள் காலை மறந்துபோகும், அப்பா கத்தியது மறக்காது. தாங்கமுடியாத அளவுக்குப் போனால் மூன்றாவது குவார்ட்டரோடு டிவியை அணைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வெளியே போங்கள். அதில் ஒரு துரோகமும் இல்லை.

அணியை மாற்றுவது அவன் முடிவு. நீங்கள் மாற்றிவிடாதீர்கள், மாறாதே என்று தடுக்கவும் வேண்டாம். ஆனால் கேலிக்குப் பயந்து மாறினால், காலிங்வுட் தோற்கும் வாரம் அங்கேயும் அதே கேலிதான். அதற்குப் பதிலாக அவனுக்குப் பதில் சொல்ல விஷயம் கொடுத்து அனுப்புங்கள். 2025-ல் கோப்பை வென்ற பிரிஸ்பேனால் அந்த சீசனில் நார்த்தை வெல்ல முடியவில்லை, ஆட்டம் சமனில் முடிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாதது எனக்கு ஆச்சரியம். நார்த் மெல்பர்ன் பெண்கள் அணி 2024, 2025 இரண்டு சீசனிலும் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கோப்பையை வென்றிருக்கிறது, இரண்டு முறையும் இறுதி ஆட்டத்தில் பிரிஸ்பேனைத் தோற்கடித்து. அதே நீலம் வெள்ளைக் கோடு போட்ட சட்டை, அதே கிளப் பாட்டு. ஜாஸ்மின் கார்னர் ஆடுவதை ஒருமுறை நேரில் பார்த்தால் உங்கள் மகன் காலிங்வுட் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான்.

மெம்பர்ஷிப் கேட்டிருந்தீர்கள். எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து எடுத்தால், கொடுத்த காசுக்குப் போயே ஆக வேண்டும் என்று மழையிலும் குளிரிலும் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவீர்கள். சில ஆட்டங்களுக்கு மட்டுமான சின்ன மெம்பர்ஷிப் எடுங்கள்; ஞாயிறு பகல் ஆட்டங்களாகத் தேர்ந்தெடுத்து மகனோடு போங்கள். மீதிக் காசைப் பெண்கள் ஆட்டத்துக்கு ஒதுக்குங்கள், அந்த சீசன் ஆகஸ்டில் தொடங்கும்.