கனிக்கு நட்சத்திரம்

அன்புள்ள ஐயா,

என் பத்து வயது மகனுக்காக பைபிள் சொல்லும் ஆவியின் கனி ஒன்பதையும் (அன்பு, பொறுமை, சாந்தம் போன்ற குணங்கள்) ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். நல்லபடி நடந்துகொண்டால் அந்தக் குணத்துக்கு நேராக ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். போன வாரம் 'இச்சையடக்கம்' வரிசையில் எனக்குத் தெரியாமல் அவனே நான்கு ஒட்டிக்கொண்டான். கோபத்தில் அட்டையைக் கிழித்துப் போட்டு, 'பொய்யன்' என்று திட்டிவிட்டேன். புது அட்டை எழுதலாமா? பரிசு கொடுத்துக் குணத்தை வளர்ப்பது சரியா? விசுவாசம் இல்லாதவர்களிடமும் இதே குணங்கள் இருக்கின்றனவே, எப்படி?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

இச்சையடக்கத்தில் போய்த் திருட்டு நட்சத்திரமா என்று சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். 'பொய்யன்' என்ற இடத்தில் சிரிப்பு நின்றுபோனது.

மூன்றாவது கேள்வி பெரிது, இன்னொரு நாள் பார்ப்போம். பரிசு எப்போதாவது கொடுங்கள், குடி முழுகிவிடாது. எனக்கு உறுத்துவது அந்த அட்டைதான்.

அப்போஸ்தலன் பவுல் கலாத்தியா சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், அதாவது கலாத்தியரில், ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 19-ஆம் வசனத்தில் மாம்சத்தின் 'கிரியைகள்' (உடல் இச்சையின் செயல்கள்) என்று பன்மையில் சொல்லும் பவுல், 22-இல் ஆவியின் 'கனி' என்று ஒருமைக்கு வந்துவிடுகிறார். நாம்தான் வாய் கூசாமல் 'ஒன்பது கனிகள்' என்கிறோம். கனி ஒன்றே, வேண்டுமானால் ஒன்பது சுளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுமையில் ஏழு, சாந்தத்தில் இரண்டு என்று மார்க் போட அது ரிப்போர்ட் கார்டு இல்லை. அதுவும் அவர் யாருக்கு எழுதினார்? ஏழு வசனம் முன்னால் பாருங்கள், ஒருவரையொருவர் கடித்துப் பட்சிக்காதீர்கள் என்று கண்டிக்கிறார். சண்டைபோட்ட பெரியவர்களுக்கு வந்த கடிதத்தைப் பிள்ளைகளின் சுவரில் மாட்டிவிட்டு நாம் நைசாக நழுவிக்கொள்கிறோம். அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின்கூட 13 குணங்களுக்குக் கட்டம் போட்டுக் கறுப்புப் புள்ளி வைத்தார், ஆனால் அந்த மனிதர் வைத்தது தன் தவறுகளுக்கு. உங்கள் அட்டையில் உங்கள் பெயர் இருந்ததா?

எனக்கும் பத்து வயதுதான் இருக்கும். தன் பேனாவை நான் தொலைத்துவிட்டேன் என்று அப்பா சாயங்காலம் கன்னத்தில் ஓர் அறை விட்டார். நான் எடுக்கவில்லை என்றதற்கு இன்னொன்று. ராத்திரி குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தைத் திறந்தார், பக்கங்களுக்கு நடுவே அந்தப் பேனா. யாரும் பார்க்கவில்லை, என்னைத் தவிர. சத்தமில்லாமல் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம், எனக்கும் வாயைத் திறக்கத் தைரியம் வந்திருக்காது. அவர் புத்தகத்தை மூடினார். பாட்டி, அம்மா, தங்கச்சி எல்லோரும் இருக்க, "தம்பி, அப்பா உன்னை அநியாயமா அடிச்சிட்டேன், மன்னிச்சிரு" என்றார். 'ஆனாலும் நீ வழக்கமா தொலைக்கிறவன்தானே' என்று ஒரு வால் சேர்க்கவில்லை பாருங்கள், அதைத்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நானே என் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்ட சமயங்களில் அந்த வாலை வெட்ட முடிந்ததில்லை. அன்றைக்கு என்ன வசனம் வாசித்தார் என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

புது அட்டையை விடுங்கள். அவன் தூங்குவதற்கு முன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'பொய்யன்'னு சொன்னது அம்மா தப்பு என்று சொல்லுங்கள். அந்த நான்கு ஸ்டிக்கர் பேச்சை மட்டும் அன்றைக்கு எடுக்காதீர்கள்.

அன்புடன்.