டிஸ்க் இல்லாத டெர்மினல், நெட்வொர்க் பூட்: கேளுங்க, சொல்றேன்

(இந்த மெஷின்ல சொந்த டிஸ்க் கிடையாது, சிஸ்டத்த நெட்வொர்க் வழியா சர்வர்லேர்ந்து எடுத்து எழும். அந்த முறைக்கு பேருதான் பிஎக்ஸ்இ.)

கேள்வி: அண்ணா, ஆன் பண்ணா ஐபி வாங்குது, அப்புறம் பிஎக்ஸ்இ-இ53னு காட்டிட்டு நின்னுடுது. நெட்வொர்க் கார்டு போச்சா?

பதில்: கார்டு நல்லா இருக்கு தம்பி. ஐபி குடுத்த டிஹெச்சிபி (மெஷினுக்கு நெட்வொர்க் முகவரி குடுக்குற சர்வீஸ்), எந்த ஃபைல எடுக்கணும்னு சொல்லல, அவ்ளோதான். டிஹெச்சிபி செட்டிங்ல ஆப்ஷன் 66ல சர்வர், 67ல ஃபைல் பேரு போடணும். ரவுட்டர்ல அந்த வசதி இல்லேன்னா அத தொடவே வேணாம், டிஎன்எஸ்மாஸ்க்ங்கிற சின்ன சர்வர் ப்ரோக்ராம ப்ராக்ஸி மோட்ல ஓட்டுங்க, ரவுட்டர் ஐபி குடுக்கட்டும், இது பூட் விவரம் மட்டும் குடுக்கும். இ53 போய் இ32 (ஃபைல் சர்வர் பதில் சொல்லல) வந்தா ஒரு படி முன்னேறிட்டீங்க, டிஎஃப்டிபி (பூட் ஃபைல அனுப்புற சர்வீஸ்) ஓடுதா, ஃபயர்வால்ல அதோட போர்ட் யுடிபி 69 திறந்திருக்கான்னு பாருங்க.

கேள்வி: பழைய மெஷின் எல்லாம் பூட் ஆகுது, புதுசா வாங்கினது மட்டும் ஆகல.

பதில்: மெஷின எழுப்புற உள் மென்பொருள் பழசுல பயாஸ், புதுசுல யுஇஎஃப்ஐ. பயாஸுக்கு குடுக்குற ஃபைல் அதுக்கு ஆகாது. மெஷின் தான் எந்த வகைன்னு ஆப்ஷன் 93ல சொல்லும், அத பாத்து ஃபைல பிரிச்சு குடுங்க. செக்யூர் பூட்டும் பாருங்க, நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இல்லாத பூட்லோடர (சிஸ்டத்த ஏத்துற ப்ரோக்ராம) அது ஏத்துக்காது.

கேள்வி: சார், காலைல முதல் தடவ ஃபெயில், ரெண்டாவது தடவ சரியா வருது. பூட்டும் ரொம்ப ஸ்லோ. சர்வர மாத்தணுமா?

பதில்: அவசரப்பட்டு காசு போடாதீங்க, முதல்ல ஸ்விட்ச்ச பாருங்க. ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்ல லூப் வராம தடுக்குற வசதி) ஆன்ல இருந்தா கேபிள் உயிர் வந்ததுலேர்ந்து சுமார் 30 செகண்ட் போர்ட் எதையும் விடாது, அதுக்குள்ள மெஷின் ஐபி கேட்டு கேட்டு ஓஞ்சு போயிடும். டெர்மினல் போர்ட்டுல எல்லாம் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காம உடனே திறக்குற செட்டிங்) போடுங்க, ஆனா இன்னொரு ஸ்விட்ச்சுக்கு போற போர்ட்டுல மட்டும் போட்டுடாதீங்க.

ஸ்லோவுக்கு காரணம் பெரும்பாலும் டிஎஃப்டிபி. வழக்கமா 512 பைட் அனுப்பும், கிடைச்சுதுன்னு பதில் வந்தாத்தான் அடுத்தது. 50 எம்பி ஃபைல்னா 1,02,400 துண்டு, யோசிச்சு பாருங்க. அதனால டிஎஃப்டிபில ஐபிஎக்ஸ்இங்கிற சின்ன பூட்லோடர மட்டும் ஏத்துங்க, கெர்னலும் இனிட்ஆர்டியும் (சிஸ்டம் எழ வேண்டிய பெரிய ஃபைல்கள்) ஹெச்டிடிபில வரட்டும். சர்வருக்கு ஒரே கிகாபிட் லைன்னா செகண்டுக்கு 125 எம்பிக்கு மேல வராது, 30 மெஷின் ஒண்ணா எழுந்தா ஆளுக்கு 4 எம்பி தான், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

கேள்வி: சர்வர்ல இருக்குற சிஸ்டம் இமேஜ அப்டேட் பண்ணேன், ஓடிட்டிருந்த அத்தன மெஷினும் தொங்கிடுச்சு.

பதில்: ஓடிட்டிருக்குற ஃபைல் மேலயே எழுதிட்டீங்க. நானும் முன்னாடி இதே தப்ப பண்ணி, வேலைல இருந்தவங்க எல்லாரோட வேலையும் போச்சு, அந்த முகங்கள இன்னும் மறக்கல. புது இமேஜ தேதி போட்ட வேற பேர்ல கட்டுங்க, ஒரே ஒரு மெஷின்ல ஒரு நாள் ஓட்டி பாருங்க, அப்புறம் பூட் மெனுல பேர மாத்துங்க. பழசு அடுத்த அப்டேட் வரைக்கும் இருக்கட்டும்.

கேள்வி: 2 ஜிபி ரேம் போதுமாண்ணா? கொஞ்ச நேரத்துல உறைஞ்சுடுது.

பதில்: இமேஜ் படிக்க மட்டும்தான், எழுதுறது எல்லாம் ஓவர்லே (இமேஜ் மேல போடுற எழுதுற அடுக்கு) வழியா ரேம்ல தான் போய் உக்காரும். பிரவுசர் கேச்சே அத தின்னுடும். கேச்சுக்கு அளவு வைங்க, ஹோம் ஃபோல்டர என்எஃப்எஸ்ல (நெட்வொர்க்ல ஃபோல்டர் பகிர்ற முறை) சர்வருக்கு தள்ளுங்க, இசட்ரேமும் (ரேம்ல இருக்குறத சுருக்கி வைக்கிற வசதி) போடுங்க. பிரவுசர் வேலைன்னா 4 ஜிபி வேணும்னு தான் நான் சொல்வேன்.

கேள்வி: வைஃபைல பண்ணலாமா?

பதில்: வேணாம். கேபிள் இழுங்க.