எதிர்ப்புச் சக்தி வைத்தியம்: வாசகர் கேள்விகள்

கே: இம்யூனோதெரபி (எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் வைத்தியம்) எல்லாப் புற்றுநோய்க்கும் வேலை செய்யுமா? (கோப்பாய்)

ப: இல்லை. பல புற்றுகளில் பயொப்சித் துண்டில் பி.டி.-எல்1 என்ற புரதம், எம்.எஸ்.ஐ. என்ற மரபணுக் குறி ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அதற்கு முதல் காணியை ஈடு வைக்காதீர்கள்.

கே: அப்பாவுக்கு மூன்று கிழமைக்கு ஒருக்கால் 'இம்யூனோ ஊசி'. இப்ப நாளுக்கு ஏழெட்டுத் தரம் வயிற்றால் போகிறது. பார்மசியில் வாங்கின குளிசைக்கு நிற்கவில்லை. வேறு எது நல்லது? (சாவகச்சேரி)

ப: வேறு குளிசை இல்லை, இன்றைக்கே வைத்தியசாலை. ஊசியின் பெயரும் எழுதவில்லை, கடைசியாக ஏற்றிய திகதியும் எழுதவில்லை. முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் எல்லாம் கீமோ அல்ல. எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான டி-கலங்களின் பிரேக்கைக் கழற்றிவிடுபவை. அந்தக் கலங்கள் புற்றோடு நிற்காமல் குடலையும் தாக்கும். லோபரமைட் போன்ற வயிற்றோட்டக் குளிசை போட்டால் போகும் தரம் குறையும், அழற்சி உள்ளே வளரும், குடலில் ஓட்டையும் விழலாம். வழமையைவிட நாலு தரம் கூடினாலே பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் தேவைப்படலாம், உடல் நிறையில் கிலோவுக்கு 1 மி.கி. அளவில். ஏழு தரம் கூடினால் வார்ட்டில் வைத்து ஸ்டீரொய்டை நாளத்தால் ஏற்றுவார்கள். மூன்று நாளில் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சி அடக்கும் மருந்து. ஸ்டீரொய்டை நீங்களாக வீட்டில் தொடங்கவும் வேண்டாம், வயிற்றோட்டம் நின்றவுடன் விடவும் வேண்டாம்: நாலு தொடக்கம் ஆறு கிழமையில் படிப்படியாகக் குறைக்காவிட்டால் திரும்ப வரும். ஊசி நிறுத்தி மாதக்கணக்கின் பின்னும் இது தொடங்கும். இரவில் நிற்கும் வைத்தியரிடம் "புற்றுநோய்" என்று மட்டும் சொன்னால் கீமோ என்று நினைத்துச் சேலைனோடு அனுப்பிவிடக்கூடும். ஊசிப் பெயரையும் திகதியையும் எழுதிக் கிளினிக் கொப்பியின் மட்டையில் ஒட்டுங்கள். புதிதாக இருமல், மூச்சு வாங்கல் வந்தாலும் அந்தக் கொப்பியோடுதான் ஓட வேண்டும்.

கே: மூட்டுவாதத்துக்கு அடலிமுமாப் போட முதல் ஏன் நெஞ்சு எக்ஸ்ரே, மான்டூ (காசத்துக்கான தோல் ஊசிப் பரிசோதனை)? எனக்கு இருமலே இல்லை. (பருத்தித்துறை)

ப: இருமல் காட்டாத காசத்தைத்தான் தேடுகிறார்கள். உறங்கும் கிருமியை அடைத்து வைத்திருப்பதில் டி.என்.எஃப். என்ற எதிர்ப்புச் சக்திப் புரதத்துக்குப் பெரிய பங்கு. அடலிமுமாப் ஊசி தடுப்பது அதையே. மான்டூவை 48-72 மணித்தியாலத்துக்குள் காட்டுங்கள். சிவப்பை அல்ல, தடிப்பை அளக்க வேண்டும். உங்களுக்கு 5 மி.மீ. என்றாலே பொசிட்டிவ். ஐந்தாம் நாள் போய் நின்று பயனில்லை.

கே: லூபஸ் உள்ள மகளுக்கு எதிர்ப்புச் சக்தி கூட்டும் மா கொடுக்கலாமா?

ப: எதிர்ப்புச் சக்தி நிலைதவறித் தன் உடம்பையே தாக்குவதுதான் அவளின் வருத்தம். வேண்டாம்.

கே: லூபசுக்கு கார்-டி வந்துவிட்டதாமே? (மானிப்பாய்)

ப: ஜேர்மனியின் எர்லாங்கனில் ஐந்து பேருக்குச் செய்து, 2022இல் வெளியான முடிவு நல்லது, மற்ற மருந்துகளை நிறுத்தியும் நோய் அடங்கியிருந்தது. ஆனால் அது நோயாளியின் டி-கலங்களை எடுத்து, மரபணு மாற்றி, கீமோ கொடுத்துத் திருப்பி ஏற்றும் வேலை. அதை நம்பி, லூபசுக்கு வழமையாகக் கொடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினை விடாதீர்கள்.

கே: மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் குளிசை நாளாந்தமா?

ப: கிழமைக்கு ஒரு நாள். நாளாந்தம் விழுங்கினால் வாய் புண்ணாகும், வெண்குருதிக் கலங்கள் விழும், உயிரும் போகும். எந்தக் கிழமை நாள் என்பதையும் கொப்பி மட்டையில் எழுதுங்கள். ஃபோலிக் அமிலம் வேறு நாளில்.